தபால் கப்பலுக்குப் படியளந்தது யார்?

சென்ற இதழில் போட் மெயில் ரயிலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அப்புறம் மறுபடி ரயிலில் கொழும்பு என்று 1914இல் தொடங்கிய அந்தப் பயணத்தின் பெயரில் 'மெயில்' எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஒரு கேள்வி வந்தது. அதைத் தொட்டு இன்னொன்று, அதைத் தொட்டு வேறொன்று, கடைசியில் பை நிறையக் கப்பல் கேள்விகள். சரி, இந்த முறை சினிமாவும் அரசியலும் ஓரமாக இருக்கட்டும்.

கே: 'மெயில் கப்பல்' என்று தனியாக ஒரு ஜாதி உண்டாமே? எல்லாக் கப்பலும்தானே கடிதம் கொண்டு போகும்? அதற்கு அரசாங்கம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், ஸ்டாம்பு காசு போதாதா? (மேலூர் வாசகர்)

ப: போதாது. எங்கள் ஊருக்கு ஒரு டவுன் பஸ் உண்டு. காலை ஆறே காலுக்கு ஒரு முறை, சாயங்காலம் ஏழுக்கு ஒரு முறை. பல நாள் நாலு பேர்தான் ஏறுவார்கள், அதிலும் ஒருவர் கண்டக்டருக்குச் சொந்தக்காரர். டிக்கெட் காசைக் கணக்குப் பார்த்தால் அந்த பஸ் ஓடவே கூடாது. ஆனால் அது ஆறே காலுக்கு வந்துவிடும் என்று நம்பித்தான் பால்காரரும் டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தங்கள் நாளையே வகுத்து வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் காசு கொடுப்பது அந்த ஆறே காலுக்குத்தான். தபால் கப்பலுக்குக் கொடுத்த மானியமும் இதே கதை.

பாய்மரக் கப்பல்காரர் சரக்கு நிறைந்தால்தான் நங்கூரம் தூக்குவார், காற்று அடித்தால்தான் நகர்வார். லண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கல்கத்தா வர நாலு மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். 'என்றைக்கு வரும்' என்ற கேள்விக்கு ஆண்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு சாம்ராஜ்யத்தை இப்படி நடத்த முடியுமா? அதனால் பிரிட்டிஷ் அரசு தேதியை விலைக்கு வாங்க ஆரம்பித்தது. 1837 ஆகஸ்ட் 22இல், ஸ்பெயின், போர்ச்சுகல் துறைமுகங்களுக்கு வாரம் ஒரு முறை தபால் கொண்டுபோக ஒரு சின்னக் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது, வருடத்துக்கு 29,600 பவுண்டு. புரோடி வில்காக்ஸ், ஆர்தர் ஆண்டர்சன் என்ற இருவர் நடத்திய அந்தக் கம்பெனி மூன்றே வருடத்தில் எகிப்து வரைக்கும் நீண்டு, 'பெனின்சுலர்' என்ற தன் பெயரோடு 'ஓரியண்டல்' என்பதையும் சேர்த்துக்கொண்டு பி அண்ட் ஓ ஆனது. அதே சமயத்தில் கனடாவின் ஹாலிபாக்ஸ்காரரான சாமுவேல் குனார்ட் அட்லாண்டிக் ஒப்பந்தத்தைப் பிடித்தார். அவருடைய பிரிட்டானியா கப்பல் 1840 ஜூலை 4இல் லிவர்பூலிலிருந்து கிளம்பியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓட்டிய ராயல் மெயில் கம்பெனிக்கு வருடம் 2,40,000 பவுண்டு! அந்தக் காலத்து பவுண்டு என்பதை மறக்கக் கூடாது.

சும்மா கொடுக்கவில்லை. குறித்த நாளில் கிளம்ப வேண்டும், குறித்த துறைமுகங்களைத் தொட வேண்டும், தாமதமானால் அபராதம், போர் வந்தால் கப்பலைக் கடற்படைக்குக் கொடுத்துவிட வேண்டும். போதாக்குறைக்குத் தபால் பைகளோடு ஒரு கடற்படை அதிகாரியும் சீருடையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கப்பலில் கேப்டன் பெரியவரா இவர் பெரியவரா என்ற சண்டை பல பயணங்களில் நடந்திருக்கிறது.

பெயரில் 'மெயில்' ஒட்டிக்கொண்ட கேள்விக்கு: தபால் ஏற்றியதற்கு வழிவிட்டு மற்றது ஒதுங்க வேண்டும் என்ற மரியாதை குதிரை வண்டிக் காலத்திலேயே இங்கிலாந்தில் தொடங்கியது. அது கப்பலுக்கு வந்தது, ரயிலுக்கும் வந்தது. நீலகிரி மெயிலில் ஏறுகிறவர் யாரும் இன்றைக்குத் தபால் பெட்டியைத் தேடுவதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கே: நான் துறைமுகத்தில் வேலை செய்பவன். நீராவிக் கப்பல்தான் வந்துவிட்டதே, அப்புறம் லாபத்தில் ஓட்ட என்ன கஷ்டம்? மானியம் இல்லாமல் ஏன் ஓடவில்லை? (தூத்துக்குடி வாசகர்)

ப: கரி. ஒரே வார்த்தையில் பதில் அதுதான். ஆரம்ப கால எஞ்சின்கள் கரியைத் தின்னும் பூதங்கள். கப்பலின் வயிற்றில் பெரும்பங்கைக் கரியே பிடித்துக்கொண்டால் சரக்குக்கு இடம் ஏது, சரக்கு இல்லாமல் லாபம் ஏது?

1825இல் எண்டர்பிரைஸ் என்ற நீராவிக் கப்பல் இங்கிலாந்தின் ஃபால்மத்தில் கிளம்பி கல்கத்தா வந்தது. கல்கத்தாப் பிரமுகர்கள் ஒரு பெருந்தொகை திரட்டி, 70 நாள் கணக்கில் வருகிற நீராவிக் கப்பலுக்குப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். எண்டர்பிரைஸ் எடுத்துக்கொண்டது 113 நாள், அதிலும் வழியில் நிறைய நாள் பாயை விரித்துத்தான் ஓட்டினார்கள். அடுத்து 1830இல் பம்பாயிலேயே கட்டிய ஹியூ லிண்ட்சே சூயஸுக்குக் கிளம்பியது. அதன் கரி அறை ஐந்தரை நாளுக்குத்தான் தாங்கும், வழியில் அரேபியக் கரையில் இருக்கும் ஏடனோ அதைவிடத் தொலைவு. என்ன செய்தார்கள்? அறை, மேல்தளம் என்று பார்க்காமல் இண்டு இடுக்கெல்லாம் கரியைக் கொட்டி, தண்ணீர்க் கோட்டுக்கு மேல் அமுங்கிப்போய்க் கிளம்பினார்கள். ஏடனைத் தொட்டபோது ஆறு மணி நேரத்துக்கான கரிதான் மிச்சம் இருந்ததாம். ஆனாலும் சூயஸ் போய்ச் சேர்ந்துவிட்டது, 33 நாளில். ஏடனில் கரிக்கிடங்கு இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று அப்போதே பம்பாய்க்காரர்களுக்கு உறைத்துவிட்டது. 1839 ஜனவரியில் ஏடனைப் பிடித்தேவிட்டார்கள். கரி வைக்க இடம் வேண்டும் என்று ஒரு ஊரையே பிடித்த கதை இது, கொஞ்சம் சுருக்கிச் சொன்னால்.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைப்பது ஒன்று உண்டு. அந்தக் கிடங்குகளுக்குக் கரி எப்படி வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டுக் கரியைப் பாய்மரக் கப்பல்களில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வந்து, ஏடனிலும் இலங்கையின் காலியிலும் குவிப்பார்கள். காற்றில் நகரும் கிழட்டுக் கப்பல்கள் தயவு இல்லாமல் இந்தப் புதுக் கப்பல் ஒரு மைல் நகராது. இவ்வளவு செலவையும் கடிதத்தின் மேல் வைத்தால் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு ஷில்லிங் வாங்கினாலும் கட்டுப்படி ஆகாது, அந்த ஒரு ஷில்லிங்கே ஏழைக்கு எட்டாத காசு. மீதியைக் கஜானா கொடுத்தது.

கே: சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன்னாலேயே 'சூயஸ் வழித் தபால்' என்கிறார்களே, பாலைவனத்தில் கப்பல் எப்படிப் போனது? (திருச்சி வாசகி)

ப: கப்பல் போகவில்லை அம்மா, பைகள் போயின. இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் ஒரு கப்பல், நடுவில் எகிப்து. அலெக்சாந்திரியாவில் இறங்கி, கால்வாய்ப் படகில் நைல் நதிக்கு வந்து, நதியில் கெய்ரோ போய், அங்கிருந்து 84 மைல் பாலைவனத்தைக் கடந்தால் சூயஸ். பயணிகளுக்கு இரட்டைச் சக்கரக் குதிரை வண்டிகள், வழியில் குதிரை மாற்றச் சாவடிகள். தபாலுக்கும் பெட்டிகளுக்கும் ஒட்டகம். ஒரு கப்பல் சரக்கைக் கடத்த மூவாயிரத்துக்கு மேல் ஒட்டகம் வேண்டியிருந்தது என்பார்கள். சூயஸில் நிற்கும் கப்பலுக்கான கரியும் ஒட்டகத்தின் முதுகில்தான் வந்தது.

இந்த வழி ஆகும் என்று ஊரைக் கூட்டிக் கத்தியவர் தாமஸ் வாக்ஹார்ன் என்ற முன்னாள் கடற்படைக்காரர். எகிப்தில் தங்கி, சொந்தமாக ஏற்பாடுகள் செய்து, கடிதங்களைத் தானே கொண்டுபோய்க் காட்டினார். பெரிய கம்பெனி வந்ததும் வழக்கம்போல் வழியைக் கண்டவர் வழியிலேயே நின்றுவிட்டார். 1850இல் கடனோடு இறந்துபோனார்.

1858இல் ரயில் சூயஸ் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வருடம் லண்டன் தபால் இலாகா தன் அதிகாரி ஒருவரை எகிப்துக்கு அனுப்பியது, தபாலை ரயிலில் கடத்த அந்த நாட்டு அரசோடு பேச. அந்த அதிகாரி, பகலில் தபால் வேலையும் விடியற்காலையில் நாவலும் எழுதிவந்த ஆண்டனி ட்ரோலோப். அலெக்சாந்திரியாவிலிருந்து சூயஸுக்கு 24 மணி நேரம் போதும் என்றார் இவர். எகிப்து அரசின் அதிகாரி நூபார் 48 மணி நேரம் கேட்டார். அந்த இரட்டைக் கணக்கை நூபார் காதில் ஓதியது கப்பல் கம்பெனி ஆட்கள்தான் என்று ட்ரோலோப் சந்தேகப்பட்டு, கடைசி வரை இறங்கி வரவில்லை. 24 மணி நேரம் என்றே கையெழுத்தானது. இழுத்தடிப்பவர்களிடம் வேலை வாங்கத் தெரிந்தவர்.

கே: நான் சிட்னியில் இருக்கிறேன். இங்கே பழைய பத்திரிகைத் தொகுப்பில் 'ஐரோப்பாவுக்கான சுருக்கம்' என்று ஒரு பதிப்பைப் பார்த்தேன். ஆஸ்திரேலியப் பத்திரிகை ஐரோப்பாவுக்கு எதற்கு? தபால் கப்பலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (சிட்னி வாசகர்)

ப: உண்டு, அந்தப் பதிப்பே கப்பலுக்காக அச்சானதுதான். தபால் கப்பல் கிளம்பும் நாளுக்கு முன்னால், அந்த மாதத்துச் செய்தி, கம்பளி விலை, யார் பிழைத்தார் யார் செத்தார் என்பதையெல்லாம் ஒரே தாளில் திணித்து விற்பார்கள். வாங்கிக் கடிதத்தோடு ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். நீளமாக எழுதச் சோம்பல்பட்டவர்களுக்கு வரப்பிரசாதம். மாதம் முழுக்கக் கப்பலைச் சுற்றித்தான் ஓடியது: தபால் வந்த நாள், பதில் எழுதும் நாள், கப்பல் போகும் நாள். வியாபாரிகள் பாடுதான் பாவம், பில்லும் ஆர்டரும் அந்த இடைவெளிக்குள் முடிந்தாக வேண்டும், விட்டால் அடுத்த கப்பல்.

ஆஸ்திரேலியாக் கதை மற்ற எல்லாவற்றையும்விட ருசியானது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1852 ஆகஸ்டு 3இல் பி அண்ட் ஓவின் சூசான் கப்பல் சிட்னிக்கு வந்தபோது ஊரே விழா எடுத்தது. சிங்கப்பூர் வழியாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தபால் என்று ஏற்பாடு. போதாத நேரம், அப்போதுதான் தங்கம் கிடைத்து ஊர் தலைகீழாகக் கிடந்தது. மாலுமிகள் கரையில் கால் வைத்ததும் சுரங்கத்துக்கு ஓடினார்கள், கூலியும் கரி விலையும் எகிறின. அதே வருடம் நன்னம்பிக்கை முனை வழியாக ஓட்டுகிறேன் என்று வந்த இன்னொரு கம்பெனி பழுதிலும் தாமதத்திலும் சிக்கி ஒப்பந்தத்தையே இழந்தது. அப்புறம் கிரிமியப் போர். பி அண்ட் ஓ கப்பல்களைப் படைகளை ஏற்றிச் செல்ல எடுத்துக்கொண்டார்கள், 1854 முடிவோடு சிட்னி ஓட்டம் நின்றது. தபால் திரும்பவும் பாய்மரக் கப்பலுக்கே போனது! கிளிப்பர் என்ற அந்த வேகப் பாய்மரக் கப்பல்கள் சாமான்யப்பட்டவை அல்ல. மார்க்கோ போலோ என்ற ஒன்று 1852இல் லிவர்பூலிலிருந்து மெல்போர்ன் போய் ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது.

போர் முடிந்ததும் டெண்டர். மாதம் ஒரு கப்பல், வருடத்துக்கு 1,85,000 பவுண்டு, அதில் பாதி காலனிகள் தலையில். அனுபவமுள்ள பி அண்ட் ஓவை ஒதுக்கிவிட்டு, கையில் போதிய கப்பலே இல்லாத ஒரு புதுக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஆஸ்திரேலிய ராயல் மெயில் கம்பெனி என்று பெயர் மட்டும் கம்பீரம். 1857இல் ஓடத் தொடங்கியது, அடுத்த வருடமே மூச்சு நின்றது. பங்கு வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1859இல் வேலை மறுபடி பி அண்ட் ஓவிடமே வந்தது. சூயஸிலிருந்து வரும் இந்தியக் கப்பல் காலியில் நிற்கும், அங்கே ஆஸ்திரேலியப் பைகள் கிளைக் கப்பலுக்கு மாறும், அது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியைத் தொட்டு மெல்போர்ன், சிட்னி போகும். ஆல்பனி அன்றைக்குச் சின்னஞ்சிறு குடியேற்றம். கண்டத்துக்கே இங்கிலாந்துச் செய்தி முதலில் இறங்கும் இடம் அந்தப் பட்டிக்காடு.

இனிமேல்தான் பங்காளிச் சண்டை. 1870களில் லண்டன் 'உங்கள் தபாலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், பாதி வழி வரை எங்கள் பொறுப்பு' என்கிற பாணியில் கையை விரித்தது. விக்டோரியா காலனி சூயஸ் வழியை எடுத்துக்கொண்டது, கடைசி நிறுத்தம் தன் தலைநகர் மெல்போர்ன் என்ற நிபந்தனையோடு. அப்படியானால் சிட்னிக்குத் தபால் மெல்போர்ன் தின்ற மிச்சமா? சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸுக்கு அது பொறுக்கவில்லை. நியூசிலாந்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, நேர் எதிர்த்திசையில் பசிபிக்கைக் கடந்து சான்பிரான்சிஸ்கோ, அமெரிக்க ரயில், அட்லாண்டிக் என்று தபாலை அனுப்பியது. வடக்கே இருந்த குவீன்ஸ்லாந்துக்கு இரண்டுமே தொலைவு. அது 1881இல் தன் வட முனையை ஒட்டிய டாரஸ் நீரிணை வழியாகப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலுக்கு வருடம் 55,000 பவுண்டு கொடுத்து ஓட்டியது. அந்தக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்கள் என்ற இந்திய மாலுமிகளைப் பார்த்து அங்கே ஒரே கூச்சல், வெள்ளைக்காரர் வேலைக்கு ஆபத்து என்று. ஒரே கண்டம், ஒரே ராணி, லண்டனுக்குக் கடிதம் போட மூன்று வழி, மூன்றுக்கும் தனித்தனி மானியம். ஊருக்கு ஒரு பஸ் போதும் என்றால் 'எங்கள் தெரு வழியாகத்தான் வரணும்' என்று ஒவ்வொரு தெருவும் நிற்கும் பாருங்கள், அதேதான். தன் ஊருக்குத் தபால் முதலில் வரவேண்டும் என்பதில் பெருமை பாதி என்றால் காசு பாதி. லண்டன் கம்பளி விலையை ஒரு நாள் முன்னால் தெரிந்துகொள்பவன் கொழுத்தான். 1872இல் தந்திக் கம்பி ஆஸ்திரேலியாவைத் தொட்டபிறகு விலைச் செய்தி அதில் போனது, ஆனாலும் சண்டை ஓயவில்லை.

நியூசிலாந்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலக உருண்டையில் இங்கிலாந்துக்குக் கிட்டத்தட்ட நேர் அடியில் இருக்கிறது அது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் பெரிய வித்தியாசமில்லை. அதனால் 1866இல் வெலிங்டனிலிருந்து பனாமாவுக்கே ஒரு தபால் ஓட்டம் தொடங்கினார்கள், முதலில் போன கப்பல் ரகாயா. பனாமாவில் நிலத்தை ரயிலில் கடந்து, அந்தப் பக்கம் ராயல் மெயில் கப்பலைப் பிடிக்க வேண்டும். கரி வைக்க நடுவில் ஒரு பொட்டுத் தீவைத் தவிர ஒன்றும் இல்லாத பெருங்கடல். 1867 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகளில் அடித்த சூறாவளியில் ராயல் மெயிலின் ரோன் கப்பலே மூழ்கியது. 1869இல் பனாமா ஓட்டம் கடையைக் கட்டியது. அதே வருடம் மே மாதம் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் ரயில் பாதை முடிந்தது, தபால் சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பியது. அதற்காக ஓடியாடி ஒப்பந்தம் பிடித்தவர் ஜூலியஸ் வோகல், பின்னால் அந்நாட்டின் பிரதமரானவர்.

கே: சென்னைக்குத் தபால் கப்பல் வந்ததா? அப்போது துறைமுகமே கிடையாதே. (ராயபுரம் வாசகர்)

ப: வந்தது. சூயஸிலிருந்து காலி, சென்னை, கல்கத்தா என்ற பி அண்ட் ஓ வழி 1843இல் தொடங்கியது. அதற்காகவே இந்துஸ்தான் என்ற கப்பல் 1842 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனில் கிளம்பி ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தது. துறைமுகம் இல்லை என்பது சரிதான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், அலையைத் தாண்டிப் பைகளைக் கரை சேர்ப்பது மசூலாப் படகுகளின் வேலை. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள், அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. அதுவும் போக முடியாத கடலில் கட்டுமரக்காரர்கள் போவார்கள். கடிதத்தை எங்கே வைப்பது? தலையில் தண்ணீர் புகாத கூம்புத் தொப்பி, அதற்குள் கடிதம். அலை புரட்டிப் போட்டாலும் ஆள் நீந்திக் கட்டுமரத்தில் ஏறிக்கொள்வார், கடிதம் நனையாது. சவுத்தாம்ப்டனிலிருந்து பல ஆயிரம் பவுண்டு மானியத்தில் வந்த கடிதத்தின் கடைசி மைல் நம் மீனவர் தலையில் ஏறி வந்தது. அவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1868 முதல் இங்கிலாந்துத் தபால் வாரம் ஒரு முறை பம்பாயில் இறங்க ஆரம்பித்தது, 1871இல் பம்பாய்–சென்னை ரயில் முழுசாக இணைந்தது. அதோடு லண்டன் கடிதம் நமக்கு ரயிலில் வரும் சமாசாரமாகிவிட்டது.

கே: கேட்கக் கேட்க எரிச்சலாக இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொட்டிக் கொடுத்ததற்குப் பெயர் தபால் சேவையா? இந்தியக் கஜானாவும் கட்டியிருக்குமே? (ஈரோடு வாசகர்)

ப: கட்டியது. முதலில் கிழக்கிந்தியக் கம்பெனி, பின்னால் இந்திய அரசு. கடிதம் எழுதியவன் கொஞ்சம் பேர், வரி கட்டியவன் கோடிப் பேர். உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது, பாதி அளவுக்கு.

மறுபாதியையும் பாருங்கள். பம்பாய்–சூயஸ் ஓட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடற்படையை வைத்துத் தானே நடத்திவந்தது, வருடத்துக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விழுங்கியது, ஒழுங்கும் இல்லை. 1854இல் பி அண்ட் ஓ அதே வேலையை 24,700 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. ஆக, தனியாருக்குக் கொடுத்ததாலேயே நஷ்டம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

என் கோபம் வேறு இடத்தில். காசு கொடுத்தவன் நிபந்தனை போடுவான் இல்லையா, கடற்படைக்காரர்கள் போட்ட நிபந்தனை பல வருடம் பழசையே கட்டிக்கொண்டு அழுதது. இரும்புக் கப்பலில் குண்டு பட்டால் ஆபத்து, மரமே வேண்டும் என்றார்கள். பின்னால் சுழலும் விசிறி வந்தபிறகும் பக்கவாட்டுச் சக்கரத்தையே நம்பினார்கள். குனார்டின் முதல் இரும்புத் தபால் கப்பல் பெர்சியா 1856இல்தான் ஓடியது, அதுவும் சக்கரக் கப்பல். மானியம் ஒரு பைசா வாங்காத ஆல்பிரட் ஹோல்ட் என்ற லிவர்பூல் எஞ்சினியர் 1866இல் கரி குறைவாகக் குடிக்கும் எஞ்சினை வைத்து, லிவர்பூலிலிருந்து மொரீசியஸ் வரை நடுவில் எங்கும் கரி ஏற்றாமல் ஓட்டிக் காட்டினார். தபால் கம்பெனிகள் வாயைப் பிளந்தன.

அதைவிடக் கூத்து கால்வாய் திறந்தபிறகு நடந்தது. 1869 நவம்பர் 17இல் கால்வாய் திறந்தாயிற்று. ஆனால் ஒப்பந்தத்தில் 'தபாலை அலெக்சாந்திரியாவில் இறக்கி ரயிலில் கொண்டுபோக வேண்டும்' என்று இருக்கிறதே! எழுத்து எழுத்துதான். கப்பல் கால்வாய்க்குள் போக, பைகள் இறங்கி ரயில் ஏறி சூயஸில் மறுபடி கப்பல் ஏற, இந்த நாடகம் 1874 வரை நடந்தது. கால்வாய் மெதுவென்று தபால் இலாகா சொன்னது, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, ஆனாலும்! கால்வாயால் அடி வாங்கியதும் பி அண்ட் ஓதான். எகிப்தில் போட்டு வைத்த முதலெல்லாம் வீண், போட்டிக் கப்பல்கள் பெருகின. 1867இல் போட்ட ஒப்பந்தம்தான் அப்போது அதைத் தாங்கிப் பிடித்தது. வருடம் 4,00,000 பவுண்டு, அதோடு பங்குதாரருக்கு 8 சதவீத லாபம் கிடைக்காவிட்டால் 5,00,000 வரை ஏற்றித் தருவோம் என்ற உறுதி. வியாபாரம் நஷ்டமானாலும் பங்கு லாபத்தை ஊர்ப்பணத்தில் நிரப்புவது! இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி. அந்த உறுதி மூன்று வருடம்கூட நிற்கவில்லை, 1870இல் 4,50,000 என்று தொகையை நிலையாக்கிவிட்டார்கள்.

கே: காலி அவ்வளவு பெரிய துறைமுகமாக இருந்ததா? இன்றைக்குக் கிரிக்கெட் மைதானம்தான் ஞாபகம் வருகிறது. (யாழ்ப்பாணம் வாசகி)

ப: இருந்தது. இந்தியா, சீனா, ஆஸ்திரேலியா என்று மூன்று வழியும் பிரியும் சந்தி அது. நம் கணக்கில் விழுப்புரம் ஜங்ஷன். ஆனால் வாசலில் பாறைகள். 1871 நவம்பரில் ஆஸ்திரேலியத் தபாலை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ரங்கூன் என்ற பி அண்ட் ஓ கப்பல் துறைமுக வாயிலிலேயே பாறையில் ஏறி மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள், கடிதங்கள் கடலுக்குள். கொழும்பில் அலைதாங்கிச் சுவர் கட்ட 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். 1882இல் பி அண்ட் ஓ கொழும்புக்கு மாறியது. ஊரின் பெயரைச் சொல்லிச் சிலேடை பண்ண ஆசைதான், நீங்கள் அடிப்பீர்கள்.

கே: பிரிட்டிஷ்காரர்கள் மட்டும்தானா? (காரைக்கால் வாசகர்)

ப: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். பிரான்சின் மெசாஜெரி கம்பெனி 1851இலேயே தபால் ஒப்பந்தம் வாங்கிவிட்டது. 1860களில் இந்தோசீனா வரைக்கும் ஓட்டியது, புதுச்சேரியைத் தொட்டுக் கல்கத்தா போக ஒரு கிளையும் வைத்திருந்தது. ஜெர்மனி கடைசியாக வந்தது: 1885இல் சட்டம், வருடம் 44 லட்சம் மார்க் மானியம், 1886 ஜூனில் ஓடர் கப்பல் கிழக்காசியாவுக்குக் கிளம்பியது. கொடியைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அங்கே முக்கால்வாசி.

கே: கடிதக் கட்டணம் கடைசி வரை ஒரு ஷில்லிங்தானா? (கோவை வாசகி)

ப: இல்லை. படிப்படியாக இறங்கி 1891இல் பேரரசு முழுக்க இரண்டரை பென்னி ஆனது. ஹென்னிக்கர் ஹீட்டன் என்ற எம்.பி. வருடக்கணக்காகத் தொந்தரவு பண்ணி அதை ஒரு பென்னியாக்க வைத்தார், 1898 கிறிஸ்துமஸ் நாளில். நம் பக்கம் ஓரணா. பணக்கார ஆஸ்திரேலியா வருமானம் போய்விடும் என்று 1905 வரை சேரவே இல்லை.

கே: இப்போது எங்காவது தபால் கப்பல் ஓடுகிறதா? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: கிட்டத்தட்ட நம் காலம் வரை ஒன்று ஓடியது. நெப்போலியனை அடைத்து வைத்த செயின்ட் ஹெலினா தீவுக்குக் கேப்டவுனிலிருந்து ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா. ராயல் மெயில் கப்பல் என்ற பட்டத்தோடு, பிரிட்டிஷ் அரசின் மானியத்தில், அரிசி, முட்டை, கார், கல்யாணப் பெண், கடிதம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும். 2017இல் அந்தத் தீவுக்குப் பயணிகள் விமானம் வந்தது, 2018 பிப்ரவரியில் கப்பல் கடைசி ஓட்டம் ஓடியது. 2021இல் அதே கப்பல் மின்சாரப் பந்தயக் கார்களை நாடு நாடாக ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது.